பதினேழின் முதல் தவறு

போன வாரம் அப்பாவையும் மகளையும் தனித்தனி பஸ்ஸில் ஏற்றிவிட்டுக் கதையை நிறுத்தியிருந்தோம். நடுவில் வந்து உட்கார்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை: இரண்டு பஸ்ஸும் போய் நிற்பது ஒரே தொழிற்சாலை வாசலில்தான். அப்பா அங்கே இருபத்தாறு வருடமாக வெல்டர். மகள் சேர்ந்து பத்து நாள்தான் ஆகிறது. வெல்டர்கள் ஒட்டியது ஒழுங்காக ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுகிற பரிசோதகர் வேலை.

"பதினேழோட பொண்ணுன்னு ஒருத்தரும் உனக்கு வணக்கம் போட வேணாம். பதினேழோட பொண்ணுதானேன்னு பின்னால பேசவும் வேணாம்" என்று சேருவதற்கு முந்தின நாளே அப்பா சட்டம் போட்டுவிட்டார். அதனால் ஏழரை மணி பஸ் அவருக்கு, எட்டு மணி பஸ் அவளுக்கு. தொழிற்சாலைக்குள் அவர் அவளை 'மேடம்' என்பார். அவள் அவரை ஒன்றும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எதிரே வந்தால் ஷூ நாடாவைச் சரி செய்யக் குனிந்துவிடுவாள்.

பதினேழு என்பது அப்பாவின் வெல்டர் நம்பர். ஒரு ஜாயின்ட்டை முடித்ததும் பக்கத்தில் தன் நம்பரை இரும்பில் அடித்துப் பதிக்க வேண்டும். இருபத்தாறு வருடம் அடித்து அடித்து அதுவே பெயராகிவிட்டது. மகளின் விண்ணப்பத்தில் தந்தை பெயர் கொட்டை எழுத்தில் இருந்தும் ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. பதினேழுக்கு வீட்டில் ஒரு பெயர் இருக்கும் என்று யார் நினைத்தார்கள்? மகளுக்கும் அப்படித்தான். சான்றிதழில் என்ன பெயர் இருந்தாலும், நடக்கத் தொடங்கிய நாள் முதல் வீட்டில் அவள் 'வாலு'.

அந்த வாலு இன்று காலை ஒன்பது மணிக்கு, ஜன்னல் இல்லாத சின்ன அறையில், விளக்குப் பெட்டியின் முன் உட்கார்ந்திருந்தாள். ஒரு புது ஆஸ்பத்திரிக்கான நீராவிக் குழாய் சாயங்காலம் நாலு மணி லாரியில் போக வேண்டும். பதினாலு ஜாயின்ட். பதினாலுக்கும் எக்ஸ்ரே எடுத்து ஃபிலிம்களை மேஜையில் வைத்திருந்தார்கள். பதினாலும் பதினேழின் கைவேலை.

ஒவ்வொரு ஃபிலிமாகப் பெட்டியின் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். மனிதருக்கு எலும்பு தெரிவது போல, இதில் இரும்பின் உள்பக்கம் தெரியும். அடிவரை உருகி ஒட்டிய இடம் ஒரே சீராக வெளுத்திருக்கும். ஒட்டாத இடம் கறுப்பாக விழும். அப்பாவின் ஜாயின்ட்டுகள் தேடிப் பார்த்தாலும் ஒரு புள்ளி இல்லாமல் இருந்தன. காக்கைக்குத்தான் தன் குஞ்சு பொன் குஞ்சு என்று இல்லை, குஞ்சுக்கும் தன் காக்கை அப்படித்தான். எட்டு ஃபிலிம் வரைக்கும் அவளுக்கு யாரிடமாவது எழுந்து போய்ப் பீற்றிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

ஒன்பதாவது ஃபிலிமில் ஒரு கறுப்புக் கோடு இருந்தது.

நீளம் கட்டைவிரல் நகத்தின் அகலம்தான் இருக்கும். நேராக, மெல்லிசாக, ஜாயின்ட்டின் நட்டநடுவில். ஃபிலிமை எடுத்துத் துடைத்தாள். மறுபடி வைத்தாள். கோடு போகவில்லை. ஃபிலிமில் கீறல் விழுந்திருந்தாலும் இப்படித் தெரியலாம் என்று சாய்த்துப் பிடித்து டார்ச் அடித்துப் பார்த்தாள். கீறல் இல்லை. யார், எந்தத் தேதியில் ஒட்டியது என்று ஃபிலிமோடு எழுதி வைக்கிற அட்டையை எடுத்து நம்பரைப் பார்த்தாள். அதிலும் பதினேழுதான் இருந்தது.

மிச்சம் ஐந்து ஃபிலிமையும் பார்த்து முடித்தாள், அவற்றில் ஒரு புள்ளி இல்லை.

வெல்டிங் நடக்கிற ஷெட்டின் சுவரில் ஒரு கரும்பலகை உண்டு. ஒவ்வொரு வெல்டர் நம்பருக்கும் எதிரே அவருடைய ஜாயின்ட் எத்தனை திரும்பி வந்தது என்று சாக்பீஸில் எழுதியிருப்பார்கள். பதினேழுக்கு எதிரே இருக்கும் சைபர் மட்டும் சாக்பீஸ் இல்லை, வெள்ளைப் பெயின்ட். எப்படியும் மாறப்போவதில்லை, எதற்கு வாரா வாரம் எழுதுவது என்று எவனோ ஒரு குறும்பன் பல வருடத்துக்கு முன்னால் தீட்டிவிட்டது. அப்பா வீட்டில் பெருமை பேசுகிற ஆள் இல்லை. ஆனால் அந்தப் பெயின்ட் சைபரைப் பற்றி மட்டும் அம்மாவிடம் மூன்று தடவை சொல்லியிருக்கிறார். மூன்று தடவையும் தற்செயலாக ஞாபகம் வந்தது போலச் சொன்னார்.

கதவைத் திறந்துகொண்டு ஃபோர்மேன் வந்தார். முடிந்ததா என்று கேட்டார். ஒன்பதில் கோடு இருக்கிறது என்று அவள் சொன்னதும் குனிந்து பார்த்தார். யார் நம்பர் என்று கேட்டார்.

"பதினேழு."

"அப்போ ஃபிலிம்லதான் கோளாறு" என்று நிமிர்ந்துவிட்டார் ஃபோர்மேன்.

கீறல் இல்லை, பார்த்துவிட்டேன் என்றாள். எக்ஸ்ரே எடுத்தவன் தூங்கியிருப்பான் என்றார். மற்ற பதிமூன்றையும் அதே ஆள்தான் எடுத்தார், அவை சரியாகத்தானே இருக்கின்றன என்றாள். ஃபோர்மேன் நல்ல மனிதர்தான். ஆனால் ஆஸ்பத்திரிக்காரர்களிடம் இன்று குழாய் வந்துவிடும் என்று வாக்குக் கொடுத்துவிட்டார். வெட்டி மறுபடி ஒட்ட மூன்று மணி நேரம், ஆறவிட இரண்டு மணி நேரம், கதிர் யார் மேலும் படாமல் ஷெட்டைக் காலி செய்து எக்ஸ்ரே எடுக்க இன்னும் இரண்டு மணி நேரம் என்று அவர் மனதுக்குள் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. நகத்தளவு கோட்டுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

அவர் போனதும் அறையில் அவளும் அந்தக் கோடும் மட்டும் இருந்தார்கள். கையெழுத்துப் போட்டால் யாருக்கும் தெரியாது. ஃபிலிம் அலமாரிக்குள் போய்விடும். சைபர் சைபராகவே இருக்கும். சாயங்காலம் அப்பா செருப்பைக் கழற்றிக்கொண்டே 'இன்னிக்கு எப்படி?' என்பார், அவள் 'நல்லா போச்சுப்பா' என்பாள்.

மறுபக்கத்தையும் யோசித்தாள். அந்தக் குழாய் ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிற கட்டடத்துக்குள் ஆள் தலைக்கு மேலே ஓடப் போகிறது. அதற்குக் கீழே தினமும் யாரோ ஒரு அம்மாள் நின்று போர்வை மடிப்பாள். கொதிக்கிற நீராவிக்கு இது பதினேழு ஒட்டியது என்று தெரியாது. மாதா மாதம் சம்பளம் கொடுத்து இந்த அறையில் உட்கார வைத்திருப்பது அந்த அம்மாளுக்காகத்தானே தவிர அப்பாவுக்காக இல்லை.

பேனாவை எடுத்தாள். 'ஜாயின்ட் ஒன்பது. அடிவரை ஒட்டவில்லை. வெட்டி மறுபடி ஒட்டவும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கையெழுத்து கொஞ்சம் கோணியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு தாளை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குள் போனாள்.

தாளைப் படித்ததும் ஃபோர்மேனின் நல்லதனம் காற்றில் போய்விட்டது. நாலு பேர் கேட்கிற மாதிரியே பேசினார். கிரைண்டர் சத்தம் நின்றது. வேலை செய்துகொண்டிருந்தவர்கள் முகமூடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்கள்.

"ஏம்மா, வந்து பத்து நாள் ஆகல. அவர் இங்க வெல்டிங் பிடிக்க ஆரம்பிச்சப்ப நீங்க பால் புட்டி பிடிச்சிட்டிருந்திருப்பீங்க."

அது என்னவோ உண்மைதான். அம்மாவுக்குத் தபால் அலுவலகத்தில் காலை ஷிப்ட். அப்பா இங்கே அப்போது இரண்டாவது ஷிப்ட். காலையெல்லாம் அந்தப் புட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தவரும் பதினேழுதான். அதை ஃபோர்மேனிடம் எப்படிச் சொல்வது?

"அவரையே கூப்பிட்டுக் காட்டுங்க சார். நான் எழுதினது எழுதினதுதான்" என்றாள்.  

அப்பா தோல் ஏப்ரனோடு வந்தார். ஹெல்மெட்டின் முகமூடியை மேலே தள்ளிவிட்டிருந்தார். கூட்டம் விலகி வழிவிட்டது. யாரையும் பார்க்காமல் நேராக அந்தச் சின்ன அறைக்குள் போய் விளக்குப் பெட்டியின் முன் குனிந்தார். மற்றவர்கள் வாசலில் இடம் இல்லாமல் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அவர் வெகுநேரம் பார்த்தார். அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். ஒன்பதாம் வகுப்பில் கணக்குத் தாளை நீட்டிவிட்டு நின்றபோதுகூட அவளுக்கு இவ்வளவு பயம் இருந்ததில்லை. அப்பா கோபித்துக்கொள்வார் என்ற பயம் இல்லை. அவர் முகம் வாடிவிட்டால் அதைத் தன்னால் பார்க்க முடியாது என்பதுதான் பயம்.

"அட்டையைக் குடுங்க மேடம்" என்றார்.

கொடுத்தாள். நம்பரைப் பார்த்தார். தேதியைப் பார்த்தார். அப்புறம் செய்த காரியம்தான் ஒருவருக்கும் விளங்கவில்லை. பதினேழு சிரித்தார். முதலில் மூக்கால், பிறகு வாய்விட்டு.

"மேடம் எழுதினது சரி. என் தப்புதான். வெட்டிடுங்க" என்றார்.

ஃபோர்மேனுக்குப் பொறுக்கவில்லை. உங்களுக்கா, தப்பா, எப்படி என்று கேட்டார். யானைக்கும் அடி சறுக்கும் என்று பின்னாலிருந்து ஒருவர் ஆறுதல் சொன்னார். சறுக்கவில்லை ஐயா, குதித்தேன் என்றார் அப்பா. கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு சாவகாசமாகவே சொன்னார்.

ஷெட்டுக்குள் போன் எடுத்துவரக் கூடாது. வாசல் அலமாரியில் பூட்டிவிட்டு வர வேண்டும். இருபத்தாறு வருடத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் அவர் போனை ஏப்ரனுக்கு அடியில் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். அது இந்த அட்டையில் இருக்கிற தேதி. குழாயின் அடிவரை உருக்கி இறக்குகிற முதல் சுற்று பாதி போயிருந்தது. நெஞ்சில் போன் அதிர்ந்தது. நெருப்பு மணி அடித்தபோதுகூடச் சுற்றை முடித்துவிட்டு ஓடிய மனிதர், அன்று பாதியில் நிறுத்தினார். ஒரு வரிதான் செய்தி. படித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தார். நிறுத்திய இடத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்துவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்த பையனுக்கும் தெரிந்த பாடம். அவர் தேய்க்கவில்லை.

"தேய்க்கணும்னு தோணவே இல்ல. தோணியிருந்தாலும் ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. ஹெல்மெட்டுக்குள்ள கண்ணைத் துடைக்க முடியாது பாருங்க" என்றார் அப்பா.

அப்படி என்ன செய்தி என்று ஃபோர்மேன் கேட்டார்.

அப்பா மகளைப் பார்த்தார். பத்து நாளாகத் தான் காத்த சட்டத்தை ஒரு நொடி யோசித்தார் போலிருக்கிறது. பிறகு அதை உடைத்தார்.

"என் பொண்ணுக்கு வேலை கிடைச்சிடுச்சுன்னு செய்தி. இதோ நிக்கிறாங்களே, இவங்களுக்கு."

 ஃபோர்மேன் ஒருமுறை அவர் முகத்தையும் ஒருமுறை அவள் முகத்தையும் பார்த்தார். அந்த மூக்கும் அந்தத் தாடையும் பத்து நாளாகத் தன் கண்ணில் எப்படிப் படாமல் போயின என்று நினைத்தாரோ என்னவோ, பால் புட்டிப் பேச்சை நினைத்துக் காதுமடல் சிவந்தது. "மன்னிச்சிடுங்க மேடம்" என்றார். பதினேழு, பரவாயில்லை, அந்தப் புட்டி எனக்கும் ஞாபகம் இருக்கிறது என்று சொல்லி அவரைச் சிரிக்க வைத்தார்.

பிறகு அப்பா உளியை எடுத்துக்கொண்டு கரும்பலகைக்குப் போனார். பெயின்ட் லேசில் வரவில்லை. நான்கைந்து தடவை சுரண்டினார். சைபர் போன இடத்தில் சாக்பீஸால் 'ஒன்று' போட்டார். கொஞ்சம் பெரிதாகவே போட்டார். இரண்டடி பின்னால் வந்து நின்று, பள்ளிக்கூட விழாவில் மேடையைப் பார்ப்பது போலப் பார்த்தார். அவளுக்குப் பெருமையாக இருந்தது.  இப்படி ஒரு மனிதர் தனக்கு அப்பாவாக வாய்த்ததற்குத் தான் ஒன்றுமே செய்யவில்லையே என்று தோன்றியது.

லாரி நாலு மணிக்குப் போகவில்லை. அப்பாவே வெட்டினார், அப்பாவே ஒட்டினார். போன் அலமாரியில் இருந்தது. ஐந்தரை மணிக்குப் புது ஃபிலிம் வந்தது. அவள் இரண்டு தடவை பார்த்தாள். கோடு இல்லை. பதினாலுக்கும் கையெழுத்துப் போட்டாள். இந்தத் தடவை கோணவில்லை.

லாரி வாசலைத் தாண்டியதும் மேனேஜர் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். உட்காரச் சொன்னார். நெஞ்சாரப் பாராட்டினார். பாராட்டி முடித்ததும், படிவம் வைத்த ஒரு கவரை மேஜை மேல் நகர்த்தினார். இன்று காலை வரை எனக்கும் தெரியாது, ஆனால் தெரிந்துவிட்ட பிறகு தெரியாத மாதிரி இருக்க முடியாதம்மா என்றார். ஒட்டுகிறவரும் அதைச் சோதிக்கிறவரும் ஒரே வீட்டில் இருக்கக் கூடாது என்பது விதி. இருவரில் ஒருவர் கம்பெனியின் இன்னொரு தொழிற்சாலைக்குப் போக வேண்டும். அது ஒரு முழு நாள் ரயில் பயணம். யார் போவது என்று நீங்களே முடிவு செய்து நாளைக் காலை ஒன்பது மணிக்குள் எழுதிக் கொடுங்கள், உங்கள் அப்பாவுக்கும் இதே கவர் கொடுத்திருக்கிறேன் என்றார்.

அன்று முதல் தடவையாக இருவரும் ஒரே பஸ்ஸில் வீட்டுக்கு வந்தார்கள். கவரைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. அவர் சொன்னதெல்லாம் ஒன்பதாவது ஜாயின்ட்டைப் பற்றித்தான். கண்டக்டரிடம் சொன்னார். இறங்கும்போது முன்சீட்டில் இருந்த முன்பின் தெரியாத ஒருவரிடமும் சொன்னார். வீட்டு வாசலில் அம்மாவிடம் சொன்னார்.

"இன்னிக்கு என் ஜாயின்ட்டை வேணாம்னுட்டா உன் பொண்ணு."

அம்மா கையில் இருந்த வாளியைக் கீழே வைத்தாள். ஏண்டி, அப்பா வேலையையா, நாலு பேர் முன்னாலயா என்று மகளைக் கேட்டாள். மாடல் பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளையைப் பற்றிச் சொல்வது போல இதை ஏன் சொல்கிறீர்கள் என்று அவரைக் கேட்டாள். இருபத்தாறு வருடப் பெயர் போயிற்றே என்று பொதுவாகக் கேட்டாள். மூன்றுக்கும் பதில் வராததால், இரண்டு பேருக்கும் புத்தி பிசகிவிட்டது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு டீ போடப் போனாள். போகும்போது மகளின் தலையை ஒரு தடவை தடவிவிட்டுத்தான் போனாள்.

வாலு பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டாள். போக வேண்டியது தான்தான். அவருக்கு இந்த வீடு இருக்கிறது, அம்மா இருக்கிறாள், அந்த ஷெட் இருக்கிறது. தனக்கு எந்த ஊரிலும் ஒரு விளக்குப் பெட்டி போதும். இதைச் சொல்ல அப்பாவின் அறைக்குள் போனாள். அவர் குளிக்கப் போயிருந்தார். நாற்காலியில் சட்டை கிடந்தது. அதன் பையில் கவர் துருத்திக்கொண்டிருந்தது. ஒட்டியாகிவிட்டது. பசை இன்னும் ஈரமாக இருந்தது. கையில் எடுத்தாள். மெல்லிசான கவர்தான், உள்ளே எழுதியது வெளியே தெரிந்தது. 'மாறிப் போகிறவர்' என்ற வரிக்கு எதிரே அவர் பெயரைக்கூட எழுதவில்லை. பதினேழு என்று போட்டிருந்தார்.

அப்பா துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார். அவள் கையில் கவரைப் பார்த்து நின்றார்.

"நீங்க ஏம்ப்பா போகணும்? தப்பைக் கண்டுபிடிச்சது நான். நான் போறேன்."

"உக்காரு" என்றார்.

அவள் உட்காரவில்லை. அவர்தான் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். பேச்சு சுலபத்தில் வருகிற மனிதர் இல்லை. இன்றைக்கு வந்தது.

"இருபத்தாறு வருஷத்துல என் ஜாயின்ட்டை ஒருத்தரும் வேணாம்னு சொல்லல. முதல்ல சந்தோஷமாத்தான் இருந்துச்சு. போகப் போக ஒரு சந்தேகம். நம்பரைப் பாத்துட்டு, உள்ள பாக்காமலே கையெழுத்துப் போடறாங்களோன்னு. யார்கிட்ட கேப்பேன்? இன்னிக்கு நீ ஒண்ணை வேணாம்னு எழுதின. அப்போ மத்த பதிமூணையும் பாத்துதான் சரின்னு எழுதியிருக்க. நான் நல்ல வேலைக்காரன்னு எனக்கே இன்னிக்குத்தாண்டா தெரிஞ்சுது."

அவள் கவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஒட்டறதுக்கு அந்த ஷெட்ல பத்துப் பேர் இருக்காங்க. என் மூஞ்சிக்கு நேரா வேணாம்னு சொல்ல ஒரு ஆள்தான் இருக்கு. அந்த ஆளை நான் ரயில் ஏத்தி விடுவேனா?"

அவள் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். கவர் இரண்டு பேர் மடிக்கும் நடுவில் கிடந்தது. வெளியே எடுத்து எறியவும் அவளுக்கு மனம் இல்லை, அவர் பையில் திரும்ப வைக்கவும் கை வரவில்லை. நான் எழுதியது எழுதியதுதான் என்று காலையில் அவ்வளவு பேர் முன்னால் சொன்னவளுக்கு, அதே பிடிவாதத்தோடு எழுதிய ஒருவரிடம் என்ன சொல்வதென்று தெரியவில்லை.

வாசல்படியில் டம்ளர் சத்தம் கேட்டது. இரண்டு கையிலும் டீயோடு அம்மா நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று இருவருக்கும் தெரியாது.

"யாரு ரயில் ஏறப் போறது?" என்றாள் அம்மா. "ரெண்டு பேரும் எழுதிக் குடுக்கறதுக்கு முன்னாடி, என்னை ஒரு வார்த்தை கேக்கணும்னு யாருக்குமே தோணலையா?"